சுவிட்சின் மேல் இருந்த கை

மார்ச் 4

காலைச் செய்தியில் மந்திரி, புது மின்நிலையத் திறப்பு விழாவில். "அந்தப் போர்ல இந்த ஊரைக் காப்பாத்துனது பட்டாளம் இல்ல. குண்டு போட வந்தப்போ மொத்த ஊர் விளக்கையும் அணைச்சாரே ஒரு லைன்மேன், அவர்தான்" என்றார். கைதட்டல். ஒரு வாரம்கூட நீடிக்காத போர். நேற்றுவரை அதை யாரும் நினைத்ததில்லை.

அந்த லைன்மேன் கீழ்வீட்டுக்காரியின் கணவர். அப்போது ஊரின் பழைய மின்நிலையத்தில் தலைமைப் பொறியாளர் என் கணவர். இருவருமே இன்று இல்லை. பொறியாளர் இருக்க, லைன்மேன் தானாகப் போய் ஊரை இருட்டாக்குவானா? யாராவது கேட்டார்களா?

மார்ச் 5

கீழ்வீட்டில் ஒரே பூமாலை மயம். படிக்கட்டு முழுக்க ஊரார் செருப்பு.

மார்ச் 9

லைன்மேன் அன்றிரவு மின்நிலையத்துக்குச் சைக்கிளில் பறந்ததைத் தன் கண்ணால் பார்த்தாராம் பால்காரர். அப்போது உமக்கு இரண்டு வயது என்று திருத்தினேன். "அப்ப எங்கப்பா பாத்திருப்பாரும்மா" என்கிறார்.

மார்ச் 12

தொலைக்காட்சியில் கீழ்வீட்டுக்காரி, புதுப் புடவையில். தேதியைத் தப்பாகச் சொன்னாள். நாற்காலியில் இருந்தபடியே திருத்தினேன்.

பிறர் புகழைக் கண்டு பொறாமைப்படுவது பாவம் என்று பள்ளியில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கென்ன, கணவனா, கீழ்வீடா?

நானும் ஒரு பேட்டி கொடுக்கலாமே என்கிறான் மகன். என்ன சொல்ல? அன்று என் கணவர் விடிந்தபின் வந்தார். குளித்தார். தூங்கினார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. துருவிக் கேட்பது எங்கள் வீட்டில் அநாகரிகம். அவள் கணவனோ வந்ததும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னானாம், பேட்டியில் சொல்கிறாள் — வயிறு எரிவது அதற்குத்தான். மாலைக்கு இல்லை.

மார்ச் 15

அவளே மேலே வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நாளைக்கு மறுபடி கேமரா வருதும்மா. பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரர் சொன்னது வேற. ஆனா மந்திரி பேசுனதுலேர்ந்து, அவர் தனியா நின்ன மாதிரியேதான் எனக்குக் கண்ணுல வருது."

வேறு என்றால்?

"சுவிட்சுல மொதல்ல கை வெச்சது உங்க வீட்டு ஐயாதானாம். ஆஸ்பத்திரியும் இருட்டாயிடுமேன்னு கை நடுங்கிடுச்சாம். எங்க வீட்டுக்காரர் அதுமேல தன் கைய வெச்சாராம். ரெண்டு பேருமாத்தான் இழுத்தாங்களாம்."

நடுங்கியதா? அவருக்கா? கதவைச் சாத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன். போய்விட்டிருந்தாள்.

மார்ச் 16

கேமரா முன்னால் இருவரையும்தான் சொன்னாளாம். ஒளிபரப்பில் அவள் கணவன் மட்டும்தான் இருந்தான்.

நிருபர் என்னிடமும் வந்தார். மந்திரி சொன்னது தவறு என்று ஆரம்பித்தேன். பிறகு என்னதான் நடந்தது என்றார். அவர் கை நடுங்கிய கதை வாய்வரை வந்தது. உடம்பு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து எனக்கென்று கிடைத்தது அது ஒன்று. அதை எதற்கு ஊருக்குக் கொடுக்க வேண்டும்?

ஏப்ரல் 2

மாலையில் மின்சாரம் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நானே கீழே இறங்கினேன். அன்றைக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல் என்றேன். இருட்டில் எனக்கு நாற்காலி தேடிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

இந்த முறை நடுங்கியது அவள் கணவன் கை. மேலே வந்து அழுத்தியது ஐயாவின் கை.

திருத்தத்தான் வாயெடுத்தேன். "அப்புறம்?" என்றுதான் வந்தது.