பன்னிரண்டு கோடி ஆண்டு, அவுட்டர் உட்பட

2025 நவம்பர் 2, காலை 8.10. கல்லறைத் திருநாள். உன் கல்லறையில் மெழுகுவர்த்தி பதினேழு. காற்றில் அணைந்தவை ஐந்து. எண்ணிவிட்டு, திண்டிவனம் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையில் உன் மனைவி தெரசா கொடுத்த செய்தித்தாள் துண்டு. மோட்டார் வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. ஓரத்தில் உன் கையெழுத்தில் ஒரு வகுத்தல் கணக்கு.

தினமும் காலையில் இருவரும் திண்டிவனத்தில் ரயிலேறுவோம். விழுப்புரத்தில் நீ மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறைக்கு. நான், கழுத்தில் பொறியாளர் அட்டையோடு, தொழிற்சாலைக்கு. இந்தக் கணக்கு வந்த அன்றும் வழக்கம்போல விழுப்புரம் அவுட்டரில் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது.

"டேய் இன்ஜினியரு, இதே வண்டியில கிட்ட இருக்கிற நட்சத்திரத்துக்குப் போவ எவ்ளோ நேரம் ஆவும்?"

"கிட்ட இருக்கிறது சூரியன். கேள்வியே தப்பு."

"அத்த வுடுடா, அது நம்ம ஊட்டு பல்பு. அதுக்கு அடுத்தது?"

"நாலேகால் ஒளியாண்டு."

"நாலேகால் வருஷந்தானா? எங்க சித்தப்பா துபாய்ல ஆறு வருஷம் இருந்துட்டு வந்தாரே!"

பெட்டியே சிரித்தது. ஒளியாண்டு என்பது தூரம், காலம் அல்ல என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். நாற்பது லட்சம் கோடி கிலோமீட்டர். நம் வண்டி, அவுட்டரில் நிற்பதையும் சேர்த்து, மணிக்கு முப்பத்தெட்டு. செல்போனில் தட்டி அறிவித்தேன்: ஒரு கோடியே இருபது லட்சம் ஆண்டு.

நீ செய்தித்தாள் ஓரத்தில் பேனாவால் வகுத்தாய். "பன்னெண்டு கோடி வருது. ஒரு சைபர் வுட்டுட்ட."

"காயில் கட்டுறவன் எனக்குக் கணக்கு சொல்றியா?" என்றேன்.

நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்: "நான் ஒரு சுத்து வுட்டா மோட்டாரு பொகைஞ்சிடும்டா. நீ சைபர் வுட்டா இன்னா பொகையும்?"

"அவரு காதப் பாருங்க, பொகையுது!" என்றார் பெட்டியில் மல்லாட்டைக் கடலை விற்கும் அம்மா.

மறுநாளிலிருந்து நான் அடுத்த பெட்டி. பத்தொன்பது நாள். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. சரியான கணக்கை எதற்கு இரண்டாம் தடவை போடுவது? இருபதாம் நாள் பட்டறையிலேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது.

இன்று கல்லறையருகே தெரசா இந்தத் துண்டை நீட்டினாள். "கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாருண்ணா, 'அவன் ஒரு தபா போட்டுப் பார்த்தா போதும், வந்துடுவான்'னு. யாரு கணக்குண்ணா சரி? பசங்க கேட்டுக்கினே இருக்குதுங்க."

"பார்த்துச் சொல்றேம்மா" என்று ஓடி வந்துவிட்டேன். இங்கே போட்டேன். நாற்பதுக்குப் பதில் நாலு என்று தட்டியிருக்கிறேன். பன்னிரண்டு கோடிதான். கண்டுபிடிக்க இரண்டு நிமிடம். நிலையத்தில் இறங்கி உன் பெட்டிக்கு நடந்திருந்தால் இன்னும் ஒரு நிமிடம். மொத்தம் மூன்று. இந்தக் கூட்டலை மட்டும் நான்கு முறை சரிபார்த்தேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. டீ ஆறுவதற்குள் தெரசாவிடம் திரும்பிப் போய், பிள்ளைகள் காதில் விழும்படி, "உங்கப்பா கணக்குதான் சரி" என்பது. செல்போன் பொத்தான் சின்னது என்றெல்லாம் விளக்கக் கூடாது.

2. நாளை திங்கள். பழைய பெட்டியில் ஏறி, அவுட்டரில் நிற்கும்போது எல்லோர் முன்னாலும் சொல்வது. நாளை பார்த்து வண்டி நிற்காமல் உள்ளே போய்விட்டால், மறுநாளும் ஏறுவது.

3. உன் சன்னலோர இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், எழுந்திருங்கள் என்று கத்தாமல் இருப்பது. இது கஷ்டம்.