ஜோஷுவாவின் இடது கால்

புனே
3 மார்ச் 2025

அன்புத் தங்கை ஜூலிக்கு,

போனில் சொன்னால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மைசூருக்கு வந்து உன் மகனின் கல்லூரியில் அவன் கபடி ஆட்டத்தைப் பார்த்தேன். அவனைப் போல ரெய்டு போகிறவன் இந்த வருஷம் அந்தப் பக்கத்திலேயே இல்லை. ஆட்டக்காரர்களின் ஏலத்துக்கு முன் எங்கள் அணிக்கு அவனைப் பற்றி நான்தான் எழுதித் தர வேண்டும்.

ஆனால் திரும்பும்போது இடது காலை ஊன்றாமல் தப்பிக்கிறான். முழங்கால் சரியில்லை, ஜூலி. மண்தரையில் கால் வழுக்கிக் கொடுக்கும், அதனால் தாங்குகிறது. பெரிய ஆட்டமெல்லாம் ரப்பர் விரிப்பின் மேல். அது பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், முழங்கால்தான் முறுக்கும். ஒரு வருஷம் ஓய்வு கொடு.

அண்ணன் பெர்னார்ட்

மைசூர்
11 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களிடம் மறைத்து என்ன? தசராவின்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆடியபோது மடங்கியது. நான்தான் தினமும் கட்டுப் போட்டு அனுப்புகிறேன். நர்ஸாக இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று திட்டாதீர்கள். "வலியே இல்ல மம்மி, சும்னே பயப்படாதீங்க" என்று பாதி கன்னடத்தில் சொல்கிறான்.

இந்த வருஷத்தோடு கல்லூரி முடிகிறது. அப்புறம் அவனை யார் தேடி வந்து பார்ப்பார்கள்? தகப்பன் இல்லாத பிள்ளை. கால் நன்றாக இருக்கிறது என்று எழுதுங்கள். தாய்மாமன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி அண்ணா?

ஜூலி

புனே
9 ஜூன் 2025

ஜூலிக்கு,

நீ கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி எழுதியதில்லை, கை கூசியது. எங்கள் அணியே அவனை எடுத்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. மருமகனுக்கு என் முத்தம்.

அண்ணன்

மைசூர்
28 செப்டம்பர் 2025

அண்ணாவுக்கு,

ஆபரேஷன் முடிந்து ஜோஷுவாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அந்த ஆட்டத்தை டிவியில் நானும் பார்த்தேன். எதிரணியில் யாரும் அவனைத் தொடக்கூட இல்லை. திரும்பினான், விழுந்தான். இனி நடக்கலாம், ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறான். நேற்று கேட்டான்: "மாமா கிட்ட நின்னு பாத்தாரே மம்மி, அவருக்கு என் காலு தெரியலையா?"

தெரியும் என்றேன். நல்ல ஆட்டக்காரனைக் கண்டுபிடித்தார் என்ற பேருக்காக மறைத்துவிட்டார் என்றேன். அப்படி எழுதச் சொல்லி நான் கேட்டதைச் சொல்லவில்லை.

போன் செய்யாதீர்கள், வராதீர்கள். வந்தால் அவன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவீர்கள். உங்களை வெறுத்துவிட்டுப் போகட்டும் அண்ணா. என்னையும் வெறுத்தால், அவனைத் தூக்கி உட்காரவைக்க இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஜூலி