யோகன் பக்கத்துக் கதவு

1986 மார்ச் 10, திங்கள்

விடியவே உறைமழை. வாசல் படியெல்லாம் கண்ணாடி மாதிரி. உப்புப் போட ஆளில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன்.

யோகனின் மனுசி மலர் ஞாயிறு வருகிறாள், பிள்ளையோடு. மிராபெல் விமான நிலையம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அவளுடைய தமையன் ரெலிபோனில் சொன்னார். யோகன் செத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அவன் இருக்கும்போதே அனுமதி வந்துவிட்டது, ரிக்கெற்றும் அவனே எடுத்து அனுப்பினான். இனியும் வரத்தான் வேண்டுமா என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. இங்கேயிருந்து என்ன செய்ய என்று அவளே சொன்னாளாம்.

கார் பின்வளவில், பனிக்குள். குணமண்ணை, யோகன், நான், இந்த வீட்டில் இருந்த மூன்று பேரும் சேர்ந்து வாங்கியது. முன்பக்கம் வலது கதவு உள்ளே குழிந்து, பிளாஸ்டிக் சுற்றி, கயிறு கட்டி நிற்கிறது. அந்தப் பக்கம்தான் யோகன் இருந்தான். லாசால் தொழிற்சாலைக்குக் காலை வேலைக்குப் போகும் வழி. சந்தியில் லொறி பனியில் சறுக்கி வந்து இடித்தது. ஓட்டியது கு.அண்ணை. அவருக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். பிழை லொறியில் என்று பொலிஸ் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"நான் காரில வந்து ஏத்துவன், நீ ஒண்டுக்கும் யோசிக்காத." ஒவ்வொரு முறையும் யோகன் மலருக்கு ரெலிபோனில் சொன்னது. பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

விமான நிலைய பஸ் இருக்கிறது, தெரியும். ஆனாலும் காரில்தான் கூட்டிவர வேண்டும். அந்தக் கதவோடு அல்ல.

மார்ச் 11, செவ்வாய்

மழை விட்டது. வானம் சாம்பல். கால் நனைந்து வேலை முடியுமட்டும் காயவில்லை.

கீழ்வீட்டு எமிலோடு கதைத்தேன். ஹெய்ட்டிக்காரர், கராஜில் வேலை. வளைந்துபோன கதவு நிலையைச் சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தித் தந்தவரும் அவர்தான். கதவு மட்டும் சரிவராது, வேறு பார்க்கவேண்டும் என்றார். லவாலுக்கு அப்பால் ஒரு இடம் இருக்கிறதாம். உடைந்த கார்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஸ்பானர் சுத்தியலைக் கொண்டுபோய் வேண்டியதை நாங்களே கழற்றலாம், வாசலில் காசு. பிரெஞ்சில் சொன்னதில் பாதி விளங்கியது, மீதியைக் கையால் காட்டினார். சனிக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு போவாராம். நல்ல மனிதர்.

கதவைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கு.அண்ணையிடம் கேட்டேன். சனிக்கிழமை வேலை என்றார். சனிக்கிழமை அவருக்கு வேலை இல்லை.

மார்ச் 12, புதன்

வேண்டியவை: ஸ்பானர் பெட்டி (எமில் தருவார்). சுத்தியல். நெம்புவதற்கு அலவாங்கு, சின்னது. துருவுக்கு விடுகிற எண்ணெய். பழைய சாக்கு. கையுறை, கிழிந்தாலும் பரவாயில்லை. தேத்தண்ணிப் போத்தல்.

பிரெஞ்சில் சொல்லிப் பழக வேண்டியது: போர்த்தியேர், கதவு. துவாத், வலது. வேலையில் கோப்பை கழுவும்போது சொல்லிக்கொண்டேயிருந்தேன். சமையல்காரன் யாரோ பெண்ணுக்குச் சொல்லப் பழகுகிறாயா என்று கேட்டுச் சிரித்தான்.

பிள்ளைக்குக் குளிர் ஜக்கெற் தேவாலயத்தில் கிடைத்தது. சிவப்பு. கை நீளம் போலிருக்கிறது.

யோகனின் சாம்பல் பெட்டி இன்னும் அவனுடைய அறை அலுமாரியில். மலருக்கும் பிள்ளைக்கும் அந்த அறையைத்தான் ஒதுக்கியிருக்கிறோம். பெட்டியை எங்கே வைப்பது? நானும் கு.அண்ணையும் இதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

மெற்றோவில் எங்கடை ஆட்கள் இருவர், எனக்கு முதுகு காட்டி நின்றபடி. "ஓட்டினவர் நித்திரையாம். ஆரும் வெளியில சொல்லுறேல்ல." இறங்கவேண்டிய இடம் வருமுன்னே இறங்கிவிட்டேன். அடுத்த ரயிலுக்கு நின்றேன்.

கு.அண்ணை காதிலும் விழுந்திருக்கும். அதுதான் கோவிலுக்கும் போவதில்லை, கடைக்கும் போவதில்லை.

பின்னேரம் வாக்குவாதம். காரைப் பழைய இரும்புக்குக் கொடு, பஸ்ஸில் கூட்டி வருவோம் என்கிறார். அவளுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் ஜக்கெற் இல்லாமல் பல்கனியில் போய் நின்றார். போய்க் கூப்பிட எனக்கும் மனம் வரவில்லை.

பருப்பு அடிப்பிடித்தது. இருவரும் சாப்பிடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

திரும்பக் கடும் குளிர். மூக்குக்குள் உறைகிறது.

எமில் ஸ்பானர் பெட்டியோடு வந்தார், முகம் சரியில்லை. நாளைக்கு முதலாளி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டாராம், மறுக்க முடியாதாம். மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. கதவு வாசலில் நின்று பேசியதெல்லாம் குசினிக்குள் கேட்டிருக்கும். கு.அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், கத்திச் சத்தம் நின்றது, பிறகு திரும்பத் தொடங்கியது.

வேறு யாரைக் கேட்பது? யாருமில்லை. பஸ்தான்.

மார்ச் 15, சனி

காலை எழும்பினால் கு.அண்ணை படுக்கையில் இல்லை. யன்னலால் பார்த்தேன். பின்வளவில் காரின் முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறார்.

நான் பின்னுக்கு, அவருக்கு நேர் பின்னால். முன்னுக்கு வா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கயிறு காற்றில் அடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சந்தியிலும் பச்சை விளக்கு விழுந்த பிறகும் நின்றார். பின்னால் ஹோர்ன். லவால் பாலத்தில் அவருடைய கழுத்தெல்லாம் வியர்வை. அந்தக் குளிரில்.

எமில் சொன்ன யார்ட். எங்கு பார்த்தாலும் கார். ரயர் இல்லாமல், கட்டைகளின் மேல். சிலவற்றுக்கு முகமே இல்லை. வாசலில் இருந்த கிழவர் ஸ்பானர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். போர்த்தியேர் துவாத் என்றேன். அவர் கையைப் பரப்பிக் காட்டினார், போய்த் தேடு என்று.

கடைசி வரிசைக்குப் பக்கத்தில் எங்கள் காரைப் போலவே ஒன்று. பச்சை. எங்களுடையது மண்ணிறம். பின்பக்கம் நசிந்திருந்தது, வலது கதவில் ஒரு கீறல் இல்லை. திறந்து சாத்திப் பார்த்தேன். நல்லாய் விழுந்தது.

கதவைத் தாங்குகிற பிணைச்சல் போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டோம். சுத்தியலால் தட்டினோம். கை விறைத்தது. எண்ணெய் ஊறட்டும் என்று கு.அண்ணை அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி இருந்தார். நான் கதவருகில், வெளியே. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

"அவன் உடன சாகேல்ல, தவம்."

நான் எண்ணெய்ப் போத்தலை மூடினேன்.

"'கதவைச் சாத்தண்ணை, குளிருது' எண்டான். எட்டி இழுத்துப் பாத்தன். வரேல்ல. திரும்பவும் கேட்டான். பேந்து கேக்கேல்ல."

எங்களுக்கு அவர் சொன்னது இடித்தவுடனே போய்விட்டான் என்று. பொலிஸுக்கும் அப்படியே. கொழும்புக்கும் அப்படியே.

மலர் கேட்டால் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கேட்டாச் சொல்லத்தானே வேணும். அவளின்ர மனுசன் சொன்னது. நான் வச்சிருக்கேலாது."

இறங்கி வந்து ஸ்பானரை வாங்கினார். போட்டுத் திருகினார், திருகியபடியே அழுதார். சத்தமில்லை. போல்ட் கழன்றது. கதவின் பாரம் முழுக்க என் நெஞ்சில் வந்து விழுந்தது.

பின்னேரம் முழுக்க வளவில் பொருத்தினோம். எமில் வேலையால் வந்து சரிபார்த்தார். கொஞ்சம் உயர்த்திச் சாத்தவேண்டும். மண்ணிறக் காரில் பச்சைக் கதவு. பார்க்க ஒரு மாதிரித்தான்.

பழைய கதவைக் குப்பை எடுக்கிறவர்கள் கொண்டுபோவார்களா தெரியாது. சுவரோடு சாத்தி வைத்திருக்கிறோம்.

மார்ச் 16, ஞாயிறு

வெயில், சூடில்லை. சாம்பல் பெட்டியைக் கு.அண்ணை தன் கட்டிலுக்கருகே வைத்துக்கொண்டார். அவள் கேட்கும்போது கொடுப்பார்.

மிராபெலுக்குப் போகையில் நான் முன்னுக்கு இருந்தேன். வீதியோரம் வெட்டவெளி, பனி, கம்பிவேலி. பிளேன் பிந்தி வந்தது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் கு.அண்ணை எழும்பினார், இருந்தார்.

மலரை உடனே அடையாளம் தெரிந்தது, படத்தில் இருப்பதைவிட மெலிவு. மெல்லிய சேலை, காலில் செருப்பு. பிள்ளை சுகி கையைப் பிடித்தபடி. யோகன் புறப்பட்டபோது அவள் பிறந்திருக்கவில்லை. அதே நெற்றி.

நான் ஜக்கெற்றைப் போட்டுவிட்டேன். கை நீளம்தான், மடித்துவிட்டேன். மலர் அழவில்லை. கு.அண்ணைக்குக் கிட்ட வந்து, பிள்ளைக்குக் கேட்காமல் சொன்னாள்:

"இவளுக்கு இன்னும் சொல்லேல்ல அண்ணை. பிளேனுக்குள்ள சொல்லுவம் எண்டு இருந்தனான். ஏலாமப் போச்சு."

கு.அண்ணை தலையை ஆட்டினார். சூட்கேஸைத் தூக்கினார், திரும்ப வைத்தார்.

மலர் பிள்ளையிடம் எங்களைக் காட்டினாள். இது குணம் மாமா, இது தவம் மாமா. சுகி இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாயின் கையை விட்டுவிட்டு, எங்களைச் சுற்றி வந்து, எங்கள் முதுகுக்குப் பின்னால் யார் நிற்பது என்று பார்த்தாள். அங்கே தள்ளுவண்டிகள்தான் நின்றன.