பானைக்குள் பட்டு நூல்

நவம்பர் 10, ஞாயிறு. காலை முழுக்க மழை, பிறகு புழுக்கம்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அப்படித்தான் எழுத வேண்டும் என்று லைப்ரரி மிஸ் சொன்னார். யாருக்கும் காட்டுவதாக இல்லை. போன வருட ரெக்கார்டு நோட்டில் மிஞ்சிய பக்கங்கள்.

ஏன் இன்று ஆரம்பம்: குஞ்சு பொரித்துவிட்டது. கூண்டின் தரையில் முட்டை ஓட்டுத் துண்டு, பட்டாணித் தோல் அளவு. எத்தனை குஞ்சு என்று தெரியாது.

சுருக்கங்கள்:
த. = தக்காளி. ஆண் ஃபிஞ்ச், சிட்டுக்குருவியைவிடச் சின்னக் கூண்டுப் பறவை. சிவப்பு மூக்கு, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம்.
மி. = மிளகு. பெண் ஃபிஞ்ச். உடம்பெல்லாம் சாம்பல்.

கூண்டு மாடி வராந்தாவில். உள்ளே மேல் மூலையில் கம்பி வைத்துக் கட்டிய சின்ன மண்பானை, பக்கத்தில் ஓர் ஓட்டை. அதுதான் வீடு. பறவைக் கடைக்காரர் சொல்லி அனுப்பியது: "பானைக்குள்ள எட்டிப் பாக்காதமா. தாய் பயந்துக்கினு குஞ்சை வுட்டுடும்." பார்க்கவில்லை. ஒரு முறைகூட.

அம்மா பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறார். கடைகளிலிருந்து சேலை வரும், முந்தானை நுனியில் நூலை முடிந்து குஞ்சமாக்கித் திருப்பி அனுப்புவார். மிஞ்சும் நூலெல்லாம் எனக்கு. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது. பறவைக் கடைக்காரர் கொடுத்த தேங்காய் நாரை மி. தொடவே இல்லை. பட்டு என்றால் கையிலிருந்தே பிடுங்குகிறாள். இன்றும் மூன்று இழை கொடுத்தேன், நீளமாகப் பார்த்து. மயில் கழுத்து நிறம் ஒன்று, அரக்கு இரண்டு.

பட்டில் கூடு கட்டிய ஃபிஞ்ச் காஞ்சிபுரத்தில் மட்டும்தான் இருக்கும் என்று போனில் நஸ்ரினிடம் சொன்னேன். நஸ்ரின் வகுப்பில் என் பெஞ்சில் உட்காருபவள். "உங்க வீட்டுக் குருவிக்கு முகூர்த்தப் பட்டாடி? எனக்கு ரம்ஜானுக்கே சிந்தெடிக்தான்."

நவம்பர் 12, செவ்வாய். வெயில். துணி காய்ந்தது.

காலை 6.10: பானைக்குள்ளிருந்து சத்தம். கொசு அழுதால் எப்படி இருக்கும், அப்படி. மி. உள்ளே போனால் அதிகமாகிறது.

மாலை 5.40: அப்பாவின் ஷேர் ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. ஹார்ன் இரண்டு தடவை. த. உடனே பதில், மீப் மீப். ரப்பர் பொம்மையை அமுக்கினது போல. இது தினமும் நடக்கிறது. ஐயம்பேட்டையிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வரும் நாளில்கூட அப்பா ஹார்ன் அடிக்காமல் நுழைவதில்லை. ஏறியவர்கள் சிரிக்கிறார்களாம்.

இரவு 8: அப்பா தன் பழைய காக்கிச் சட்டையைக் கூண்டின் மேல் போட்டு, பொத்தான்கூட மாட்டி, வராந்தா விளக்கை அணைத்தார். இதுவும் தினமும்.

லைப்ரரியிலிருந்து எடுத்த பறவை வளர்ப்புப் புத்தகம், பக்கம் 41 வரை. மீதி டெஸ்டுக்குப் பிறகு.

நவம்பர் 14, வியாழன். மூட்டம். மழை இல்லை.

நாளை சயின்ஸ் டெஸ்ட். மூன்று பாடம்.

மி. காலையிலிருந்து வெளியே வரவில்லை. தினை அப்படியே. குஞ்சுகளை அணைத்துக்கொண்டிருக்கிறாள் போலும். குஞ்சுகள் சத்தம் இல்லை. வயிறு நிறைந்து தூங்குகின்றன.

மாலை டியூஷனில் இருந்தபோது தெருவில் கொசுப் புகை அடித்திருக்கிறார்கள். அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா தூங்கிவிட்டார். எழுந்து கூண்டை ஹாலுக்குள் தூக்கி வருவதற்குள் வராந்தா வெள்ளையாகிவிட்டதாம்.

"கொஞ்சம் உள்ள போய்ட்சு பாப்பா. ஒண்ணும் ஆவாதில்ல?"

த. கம்பியில்தான் நின்றான். நன்றாக இருந்தான். "ஒண்ணும் ஆவாதுப்பா" என்றேன்.

ஆனால் ஓயாமல் கத்துகிறான். பானை வாயில் போய்க் கத்துகிறான், கம்பிக்கு வருகிறான், திரும்பப் போகிறான். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவே முடியவில்லை. ஏழு மணிக்கே காக்கிச் சட்டையைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கத்தினான். பிறகு இல்லை.

செல் பிரிதல் பாடம் இன்னும் ஒரு முறை படித்தேன்.

நவம்பர் 15, வெள்ளி. தூறல்.

த. இறந்துவிட்டான். மி. இறந்துவிட்டாள். குஞ்சுகள் மூன்று. மூன்றும்.

அம்மா அப்பாவிடம்: "ரோட்ல மைக்ல கத்திக்கினே வர்றானுங்க, அது கூடவா உங்க காதுல வுழல? கூண்டை எடுத்து உள்ள வைக்க எம்மா நேரம் ஆவும்?"

அப்பா: "தூங்கிட்டேன்டி."

"தூங்குங்க. நல்லா தூங்குங்க."

கீழே வீட்டுக்கார அத்தை மேலே வந்து பார்த்தார். புகைதான் என்றார். போன வருடம் அவர் தொட்டி மீனும் இப்படித்தான் போனதாம்.

அப்பா ஐந்தையும் மைசூர்பாக் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் ஒரு புங்க மரம். அதன் அடியில்.

டெஸ்ட் எழுதினேன்.

நவம்பர் 16, சனி. லீவு. வானிலை கவனிக்கவில்லை.

நேற்று எழுதியதில் பொய் இல்லை. ஆனால் குறைத்திருக்கிறேன். குறைக்க மாட்டேன் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது.

நடந்தது:

காலை 5.30. படிக்க எழுந்தேன். சட்டையை எடுத்தேன். த. பானை வாயிலிருந்து தலைகீழாகத் தொங்கினான். வலது காலில் மயில் கழுத்து நூல். விளையாடுகிறான் என்று ஒரு நொடி நினைத்தேன். தொட்டேன். விறைப்பு.

பானையை முதல் முறையாகக் கழற்றினேன். மி. உள்ளே. கழுத்தில் அரக்கு நூல், இரண்டு சுற்று, ஒரு காலும் அதிலேயே. நூலின் மறுமுனை கூட்டுக்குள் இறுக்கமாகப் போயிருந்தது. இழுத்துப் பார்த்திருக்கிறாள், கழுத்தில் இறகு இல்லாமல் ஒரு கோடு. அவளுக்கு அடியில் மூன்று குஞ்சுகள், வயிறு ஒட்டி.

அம்மாவின் சின்னக் கத்தரியால் எல்லா நூலையும் வெட்டினேன். த.வைக் கூண்டின் தரையில் படுக்க வைத்தேன். கூட்டை அப்படியே வெளியே எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் அமுக்கினேன். பானையில் தேங்காய் நார் போட்டு மி.யையும் குஞ்சுகளையும் அதன் மேல் வைத்தேன். கை நடுங்கவில்லை. அதையும் எழுத வேண்டும்.

பிறகுதான் கத்தினேன். "அம்மா" என்று கத்தவில்லை. "அப்பா" என்று கத்தினேன். அப்பா வந்து பார்த்த உடனே என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதையேதான் சொன்னார்.

"ஐயோ, புகை."

நவம்பர் 17, ஞாயிறு. மழை. கரண்ட் போய் வந்தது.

அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று மீன் குழம்பு. ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டார்.

தெருமுனையில் ஹார்ன் இல்லை. ஆட்டோ வந்து நின்றதே தெரியவில்லை.

வராந்தா விளக்கை யாரும் அணைக்கவில்லை. இரண்டு ராத்திரியாக எரிகிறது. அது யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும்.

புகையும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். த. புகையில் மயங்கித்தான் நூலில் விழுந்திருக்கலாம். அப்படி இருக்கலாம். மூன்று முறை எழுதி அடித்தேன்.

நவம்பர் 18, திங்கள். வெயில்.

புத்தகம், பக்கம் 44: கூட்டுக்கு நீளமான நூல், தலைமுடி, நைலான் தரக் கூடாது. கால், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். விரல் நீளத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். மூன்று வாரமாக என்னிடம் இருந்த புத்தகம். நிறுத்திய இடத்திலிருந்து மூன்றே பக்கம்.

புகை என்றுதான் நஸ்ரினுக்குத் தெரியும். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மதிய இடைவேளையில் ஆரம்பித்தேன். அவள் முந்திக்கொண்டாள் (அப்பாவை அவள் அத்தா என்பாள்). "உங்க அத்தாவை ஒண்ணும் சொல்லாதடி. பாவம், வேணும்னா செஞ்சாரு?" சொல்லவில்லை. அவள் டப்பாவிலிருந்து முட்டை எடுத்து என் சாதத்தில் வைத்தாள். சாப்பிட்டேன்.

மாலை அப்பா அம்மாவிடம் சொன்னது (கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்). புகை அடிக்கிறவரை வழியில் பார்த்திருக்கிறார்.

"இன்னா மருந்துபா அது, குருவி செத்துடுமான்னு கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"முன்னாடியே சொல்லிக்கினுதானே வர்றோம், வூட்ல ஆள் இல்லியான்னு கேட்டான்."

"நீங்க?"

"ஆள் இருந்துச்சுன்னேன்."

அப்பா மறுபடியும், "ஆள் இருந்துச்சு விமலா" என்றார். அம்மா பெயரை அப்பா கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

நாளை காலை சொல்லிவிடுவது.

நவம்பர் 19, செவ்வாய். மூட்டம்.

சொல்லவில்லை. அப்பா நான் எழுவதற்கு முன்பே முசரவாக்கம் சவாரிக்குப் போய்விட்டார். மாலையில் வந்தார். அப்போதும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இல்லை.

சயின்ஸ்: 25க்கு 24.

நவம்பர் 20, புதன். பகலெல்லாம் மழை, மாலை விட்டது.

டியூஷன் முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே ஹார்ன் கேட்டது. இரண்டு தடவை. ஓடினேன். ஆட்டோ வாசலில்தான் நின்றது. அப்பா அதில் உட்கார்ந்தபடியே மேலே பார்த்து அடித்துக்கொண்டிருந்தார், யாராவது பதில் சொல்கிறார்களா என்று.

மேலே ஏறினேன். கூண்டில் இரண்டு புது ஃபிஞ்ச். ஆண் ஒன்று, பெண் ஒன்று. கூண்டு கழுவியிருந்தது. புதுத் தினை. புதுப் பானை.

அப்பா படியேறி வந்தார். முகத்தில் ஐந்து நாளுக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம். "அதே ஜோடி இல்ல பாப்பா. தெரியும். ஆனா நல்ல ஜோடின்னு சொன்னான். இனிமே சாயந்திரம் நான் தூங்க மாட்டேன், போதுமா?"

பானை ஓட்டையிலிருந்து மஞ்சளாக ஏதோ தொங்கியது.

"நீ போடுவியே நூல், அதையும் போட்டுட்டேன். உன் டப்பாலேர்ந்து. நல்லா நீளமா பொறுக்கிப் போட்டேன். பாரு, அந்தப் பொண்ணு அப்பவே எடுத்துக்கினு உள்ள பூட்ச்சு."

கூண்டுக் கதவைத் திறந்து கையை விட்டேன். பறவைகள் அடித்துக்கொண்டன. ஓர் இறகு வெளியே வந்தது.

"இன்னாடி பண்றே? பயந்துக்கும் பாப்பா. எடுடி கையை."

நூலைப் பிடித்து இழுத்தேன். பெண் மறுமுனையை விடவில்லை. இழுத்தேன். அதற்குள் நான் அழுதுகொண்டிருந்தேன் என்று அம்மா பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. "புகை இல்லப்பா, நூலு, நூலு" என்று சொன்னது நினைவிருக்கிறது. ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்து திறந்து காட்டினேன். அப்பாவுக்குப் புரியவில்லை. அமுங்கிப்போன கூடு. அதில் ஒரு சாம்பல் இறகு.

இந்த நோட்டை எடுத்துவந்து 14ஆம் தேதிப் பக்கத்தை வாசித்தேன். பிறகு 16ஆம் தேதி. "அம்மா என்று கத்தவில்லை" என்ற வரியை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விடவில்லை.

அம்மா குஞ்சம் கட்டிக்கொண்டிருந்த சேலையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "என் நூலா?" என்றார்.

அப்பா அந்தச் சாம்பல் இறகைத் தொட்டுப் பார்த்தார்.

"கத்துச்சா?"

"கத்துச்சுப்பா."

"ரொம்ப நேரமா?"

"நான் வந்ததுலேர்ந்து."

"நீ சட்டையைப் போட்டுட்டே."

"ஆமாம்பா."

"நான் அந்தப் புகை அடிக்கிற ஆளாண்ட நின்னு பேசிக்கினு வந்தேன், தெரியுமா? ஆள் இருந்துச்சு, தூங்கிட்டேன்னு. நடு ரோட்ல."

தெரியும் என்றேன். அப்பா அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் இங்கே எழுதியிருப்பேன். திட்டவில்லை.

பானையைக் கழற்றி எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார். அம்மா போன் டார்ச்சைப் பிடித்தார். விரலை விட்டு ஒவ்வோர் இழையாக எடுத்தார். ஏழு. கடைசி இழை அடியில் ஒட்டியிருந்தது, அதற்குக் கத்தரி கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டார். தேங்காய் நாரைச் சின்னச் சின்னதாக வெட்டி உள்ளே வைத்துத் திரும்பக் கட்டினார். பிஸ்கட் டப்பாவை அம்மா கீழே குப்பைக்கு எடுத்துப் போனார்.

சாப்பிடும்போது அம்மா முதலில் அப்பாவின் தட்டில் போட்டார், இரண்டு கரண்டி குழம்பு, பிறகு இன்னொன்று. அப்பா சாப்பிட்டார். எனக்கு அப்பா தண்ணீர் சொம்பை நகர்த்தி வைத்தார். புதுப் பறவைகளுக்குப் பெயர் வைக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இப்போது எட்டு மணி. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அப்பா காக்கிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டுக்குள் டார்ச் அடிக்கிறார். பானை வாயில். கால்களில். ஆணுக்கு ஒரு முறை, பெண்ணுக்கு ஒரு முறை, மறுபடியும் பானை. சட்டையைப் போட்டார். பொத்தான் மாட்டவில்லை. காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

வராந்தா விளக்கை அணைத்துவிட்டார்.