சாராயத்தில் தண்ணீர்

அன்பு மகள் லிபியாவுக்கு, அம்மா எழுதுவது. பார்சிலோனாவில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், மாதாவிடம் அதைத்தான் கேட்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுத வேண்டும், உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், வாயில் மட்டும் வலியே இல்லை. நான்தான் இடிந்துபோய்க் கிடக்கிறேன்.

சுரங்கக்காரர்கள் கேட்கும் மேட்டில், ஒரு பாறையிடுக்கில், எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்காத ஒரு செடியைக் கண்டேன் என்று போனில் குதித்தேனே, அது போய்விட்டதம்மா. இத்தனை காலம் நான் மலையேறிப் பறித்ததெல்லாம் பேராசிரியர்கள் பெயரில் போயிற்று, கூடப் போனவள் என்று கடைசியில் நான். இது ஒன்றாவது என் பெயரில் நிற்கும், இதைக் காட்டி மேட்டையும் காப்பாற்றலாம் என்று நம்பினேன். அங்கே ஓயாத மழை, காயவைக்க வழியில்லை, எப்போதும்போல் செய்தித்தாளில் சுற்றி, அழுகாமலிருக்கச் சாராயம் ஊற்றிப் பையில் இறுக்கிக் கட்டினோம். ஊற்றியது நம் கோவேறு கழுதைக்காரர் எவாரிஸ்டோ. வாசனை இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் பிரித்தால் எல்லாம் அழுகிக் கறுத்த கூழ். கேட்டதற்கு, "டாக்டரம்மா, சுரங்கக்காரங்க என் நெலத்தையும் எழுதி வாங்கிட்டாங்க, மனசு தாங்கல, பாதியக் குடிச்சிட்டுத் தண்ணிய ஊத்தி வெச்சேன், செடிக்கு என்ன தெரியப்போகுதுன்னு நெனச்சேன்" என்று அழுதார். நிலம் போனவரை என்ன சொல்லித் திட்டுவது. அடித்துப்பிடித்து மறுபடி ஏறினேன், பாறையே இல்லை, பாதை போடுகிறேன் என்று இயந்திரம் வழித்துவிட்டிருந்தது. உன் அப்பா, "ஏண்டி, ஒரு களைக்கா இந்த அழுகை, நான் செத்தா இதுல பாதியாவது அழுவியா" என்கிறார், பிறகு அவரே சோள சூப்பை ஆற்றிக் கொண்டுவந்து வைக்கிறார்.

மீதி மேட்டையாவது விடச் சொல்லி நேற்று ஊர்க்கூட்டம் நடந்தது. கம்பெனி என்ஜினியர் மரியாதையாகத்தான் கேட்டார், "அங்க அபூர்வமா என்னம்மா இருந்துச்சு, காட்டுங்க பாப்போம்" என்று. ஊரே என் முகத்தைப் பார்த்தது. இலையும் பூவும் கையில் இல்லாமல் சொல்வது வெறும் கதை என்று என் தாவரவியல் மாணவிகளுக்கு நானே அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தவள். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஆயுசும் நல்ல மனசும் குறையாமல் இருக்கட்டும் மகளே. குளிரில் கழுத்தை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய், ஆனால் அந்தச் செடிக்கு என்ன பெயர் வைக்க இருந்தேன் என்று மட்டும் கேட்காதே.

உன் அம்மா,
ஹெர்சிலியா