‘ரயிலு போகட்டும்’ பாட்டில் நிற்கிற இடம்

என் பாசத்துக்குரிய பாபு மச்சானுக்கு,

மானம் போன கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஈஜிபுராவில் ஒரு டீக்கடை ரேடியோவில் நம்ம ‘ரயிலு போகட்டும்’ வந்தது. யாரும் கேட்கவில்லை. நானாகவே டீ ஆற்றுகிறவரிடம், “இதுல டிரம் அடிக்கிறது நான்தான்” என்று சொல்லிவிட்டேன். “ஹவுதா, அப்படியா சார்? சக்கரை கம்மியா, ஜாஸ்தியா?” என்று கன்னடம் கலந்து கேட்டார்.

ராக் பேண்டு என்று நாம் எத்தனையோ பாட்டுப் போட்டோம். ஊருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஜீவனஹள்ளி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, பைக்கில் உட்கார்ந்தபடி நீ முனகிய எரிச்சல் அது. எந்த மேடையிலும் வேறு பாட்டு எடுத்தால் அதைத்தான் கேட்டுக் கத்துவார்கள். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். உன் குரலுக்கு ஒரு பாட்டே ஜாஸ்தி என்று நான் சொன்னால் மைக்காலேயே அடிக்க வருவாய்.

இப்போது அப்படிச் சீண்ட ஆளில்லை மச்சான். நம்ம பேண்டு கிதார்காரன் கனடாவில். போன் போட்டால் பனியைப் பற்றித்தான் பேசுகிறான். வீட்டில் ரேடியோவைத்தான் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லி லதா கேட்டாள். என் தங்கை, உன் பெண்டாட்டி, நீ போனபிறகு யாரிடமும் எதுவும் கேட்காதவள். “அவரு குரல் இல்லாட்டி பரவால்லண்ணா. நீ அடிக்கிறது கேட்டாப் போதும்” என்றாள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

பாட அருண் என்று ஓர் ஐடி கம்பெனிக்காரர் வந்தார். உன்னைவிட நல்ல குரல், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் நடுவில் ரயில் போகட்டும் என்று எல்லாரும் வாசிக்காமல் சும்மா நிற்போமே, அந்த இடம் எத்தனை பீட் என்று கேட்டார். நமக்கு ஏது கணக்கு? உன் வலது குதிகால் தரையைவிட்டு எழும்பும், நான் அடிப்பேன். ரெக்கார்டிங்கில்கூட உன் காலைப் பார்த்துத்தானே அடித்தேன்?

நினைவு நாளன்று மண்டபத்தில் அந்த இடம் வந்தது. கண் தானாக மைக்குக்குக் கீழே போனது. அங்கே அருணுடைய ஷூ, அசையாமல். நான் காத்திருந்தேன். அருண் திரும்பிப் பார்த்தார். உனக்கு மௌன அஞ்சலி என்று நினைத்து ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே உன்னிடம் சொல்லணும் போல இருந்தது. காலை எப்போது தூக்குவது என்று நீ எப்படித்தான் முடிவு பண்ணுவாய்? ஒருநாளாவது கேட்டு வைத்திருக்கலாம்.

முன்வரிசையில் லதா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“அடிண்ணா” என்றாள்.

அடித்தேன் மச்சான். யார் காலையும் பார்க்காமல்.

இனி அவள் எப்போது கேட்டாலும் வாசிப்பேன். அந்த இடம் வந்தால் உன்னைத் தேடாமல் நானே முடிவு பண்ணுவேன். தேடினாலும் அடித்துவிடுவேன். இது சத்தியம்.

அந்த முதல் அடியிலேயே ஒரு குச்சி கைநழுவிப் பந்திப் பக்கம் போய் சாம்பார் அண்டாவுக்குள் விழுந்தது. மிச்சப் பாட்டை ஒரு கையால் வாசித்தேன். சமையல்காரர் குச்சியைக் கரண்டியால் எடுத்துக் கழுவித் தந்தார். சாம்பார் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்த
குமார்