நாற்பத்தொன்றாம் எண் சீட்டு

ஏப்ரல் 4

என் செல்லத் தங்கச்சிக்கு,

இங்கே நலம். உன் இருமல் நின்றதா? நீயாக எழுதமாட்டாய், அது வழக்கம்தான்.

தையல் கூடத்தில் தீப்பிடித்ததைச் சொன்னேனே. பின்கதவு பூட்டிக் கிடந்ததால் பட்டன் தைக்கும் அக்காவுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. அந்தப் பூட்டை எடுக்கச் சொல்லி எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் துணிப் பெட்டிகள் இறங்குவது உன் துறைமுகத்தில்தான். இது முடியும்வரை நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் அவற்றைத் தொடாமல் இருப்பீர்களா? எல்லோரும் கேட்கச் சொன்னார்கள். சின்ன வயசிலேயே தரையில் உட்கார்ந்து அடம்பிடித்தவள் நீ, உனக்கா சொல்லித் தரவேண்டும்?

அன்புடன்,
அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் வாசித்தேன். நான்கு மொழிக்காரர்கள், ஒருவருக்கொருவர் மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். மூன்று நாளாக ஒரு பெட்டியும் இறங்கவில்லை. கிரேன் ஓட்டுகிறவருக்கு நம் மொழியில் ஒரே சொல்தான் தெரியும். காலையில் என்னைப் பார்த்ததும் "அக்கா?" என்கிறார். நலம் என்று தலையாட்டுகிறேன்.

முந்தாநாள் மேலாளர் கப்பலிலேயே ஒரு பெட்டியைப் பிரித்தார். "வாசல்ல உட்கார்ந்திருக்கிறவங்களே உள்ள வந்து கட்டினது. நீங்க யாருக்காக உட்கார்ந்திருக்கீங்க?" என்றார். மேலே, சரிபார்த்தவரின் எண் போட்ட செக்கிங் சீட்டு. ஏப்ரல் 11. எண் 41.

நீங்கள் எனக்கு அனுப்பிய ஒவ்வொரு சட்டைப் பையிலும் அந்த எண் இருக்கும். "யாரோ புது ஆளோட எண்" என்று சொல்லிச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். நம்பிவிட்டார்கள்.

வேறு யாரோ என்று ஒரு வரி எழுதுங்கள். அதை நானும் நம்பிவிடுகிறேன்.

தங்கச்சி

மே 21

தங்கச்சி,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அது என் சீட்டுதான்.

மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்தார். "ரெண்டே நாள். தைக்க வேண்டாம், மடிச்சதைச் சரிபார்த்தா போதும். இல்லன்னா பேரை எடுத்துடுவேன்" என்றார். போனேன். வாசலில் இருந்தவர்களிடம் காய்ச்சல் என்றேன். மூன்றாம் நாள் திரும்பி வந்து, எல்லோரையும்விடச் சத்தமாகக் கோஷம் போட்டேன்.

நேற்று உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். நான்கு மொழிக்காரர்கள் என்றதும் கைதட்டினார்கள். சீட்டு வரும் இடத்தில் நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.

யாரும் திட்டவில்லை. பட்டன் அக்கா மட்டும் கேட்டார்: "எந்த வழியா உள்ள போனே?"

பின்கதவு வழியாகத்தான். நான் போன அன்றைக்கு அதைத் திறந்து வைத்திருந்தார்கள்.

கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிரேன்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடு. அதன்பிறகும் அவர் "அக்கா?" என்று கேட்டால், பட்டன் அக்காவின் கைகள் ஆறி வருகின்றன என்று சொல்.

உன் உடன்பிறந்தவள்